பின்கதவைப் பூட்டிவிட்டுப் பறந்த விமானம்

அந்தத் தெருவில் பீரோ என்று கூப்பிட்டால் மனிதர் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். பத்தொன்பதாவது வயதில் ஆள் உயர இரும்பு பீரோ ஒன்றைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறியவர் அவர். கயிறு கிடையாது, கைத்தாங்கலுக்கு ஆள் கிடையாது. மேலே போய் இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருந்த துணிமணியை யாரும் எடுக்கவே இல்லை என்று. அன்றோடு அப்பா அம்மா வைத்த பெயர் போயிற்று. கட்டிய மனைவிக்கே அது சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

பள்ளிக்கூடமும் அவரும் ஐந்தாம் வகுப்போடு பிரிந்துவிட்டார்கள். நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது அவர் கட்சி. படித்தவர்கள் வீட்டுப் புத்தக அலமாரி எத்தனை அவர் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது! அப்படிப் பார்த்தால் அந்த வட்டாரத்தில் அவ்வளவு படிப்பைச் சுமந்த ஆள் வேறு யார்?

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, புது வீட்டில் இறக்கி வைத்துக் கொடுப்பது தொழில். ஒரு கைவண்டியில் ஆரம்பித்தார். கைவண்டி மூன்று சக்கர வண்டியாகி, அது லாரியாகி, லாரி இரண்டானது. அவரை யாரும் கைதூக்கிவிடவில்லை. தூக்கியதெல்லாம் அவர்தான். இரண்டு லாரிகளின் பின்பக்கத்திலும் சிவப்பு எழுத்தில் ஒரே வரி இருக்கும்: "நாற்பத்தொரு வருடம், ஒரு கீறல் இல்லை." வருடம் மட்டும் ஆண்டுக்கு ஒரு தடவை மாறும். நிலைக்கண்ணாடி, பீங்கான், பியானோ, மீன் நீந்திக்கொண்டிருந்த தொட்டி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பெரியவர் (நாற்காலியோடுதான்) என்று எது போனாலும் போனபடியே போய்ச் சேரும்.

அப்படிப்பட்டவரைத்தான் முதுகெலும்பின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர், "இனிமே ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். லாரிகளை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். பீரோ வீட்டில் உட்கார்ந்து, மனைவி தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற விதத்தில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"முட்டியை மடக்கித் தூக்கு. முதுகை வளைக்காத."

"நாப்பது வருஷமா தூக்கறேன். எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு" என்பாள் மனைவி. 

ஒரு மாலை மாப்பிள்ளை வந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, அடுத்த மாசம் லாரிக்குப் பெயின்ட் அடிக்கணும். அந்தப் பின்னாடி வரியை எடுத்துட்டு, ஃபோன் நம்பரைப் பெருசாப் போட்டுடலாமா?"

"எந்த வரியை?"

"கீறல் வரியை. இப்பல்லாம் அப்படி எழுதி வைக்கக் கூடாது மாமா. என்னைக்காவது ஏதாவது ஒடஞ்சா, வரியைக் காட்டியே கேள்வி கேப்பாங்க."

"ஒடஞ்சாத்தானே?"

மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானம் விடுவார், மற்ற நாட்களில் அதை உடைந்த பல்லை ஒட்டும் பசையால் ஒட்டுவார். இதுவரை பதினாறு தடவை விழுந்த ஒரு விமானம் அப்போதும் அவர் மடியில் கிடந்தது. அதில் முதலில் இருந்த கட்டையைவிடப் பல் ஒட்டும் பசைதான் அதிகம்.

"சம்பந்தி, ஒடையாத பொருள்னு ஒண்ணு கிடையாது. பல்லே ஒடையுது" என்றார்.

"உங்ககிட்ட வந்தா எதுதான் ஒடையாது? மடியில இருக்கறதையும் என் கையில குடுத்திருந்தா முழுசா இருந்திருக்கும்."

"இது வானத்துல போற சாமான்."

"மூணாவது மாடியும் வானந்தான். ஏத்தத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியும்."

மாப்பிள்ளைக்கு அதுதான் வேண்டியிருந்தது. "சரி மாமா. நீங்களே ஒரு விமானம் வாங்கி, நீங்களே ஒட்டி, நீங்களே பறக்க விட்டு, ஒரு கீறல் இல்லாம எறக்குங்க. வரி அப்படியே இருக்கட்டும். கீறல் விழுந்துச்சுன்னா ஃபோன் நம்பர்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வேண்டாங்க."

அது ஒன்று போதும். பீரோ எழுந்து நின்று மாப்பிள்ளையின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

*

விமானக் கடை ஒரு மாடியில் இருந்தது. படிகளில் ஏறும்போதே பீரோ அளந்துவிட்டார். பதினெட்டுப் படி, நடுவில் இடப்பக்க வளைவு, கட்டில் ஏறாது, பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். உள்ளே மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பெண் ஏதோ கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சொந்தக் கடை. கைவிரல் நுனியெல்லாம் காய்ந்த பசை.

"வாங்கய்யா. யாருக்கு, பேரனுக்கா?"

"எனக்கு. ஒட்டி, பறக்கவிட்டு, முழுசா எறக்கணும். ரெண்டு கிலோவுக்குள்ள இருக்கணும்."

"இதுக்கு முன்னாடி ஏதாவது கட்டியிருக்கீங்களா?"

"வீடு வீடாக் கட்டியிருக்கேன்."

அவள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு தெர்மோகோல் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே ஒரே இறக்கை. "புதுசாக் கத்துக்கறவங்க எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க. தானே நேராகிக்கும், விழுந்தாலும் பொறுத்துக்கும்."

பீரோ அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஒத்தைப் பலகை. ரெண்டு பக்கமும் தாங்க ஒண்ணுமே இல்ல. இது மேல நான் ஒரு கடிகாரத்தக்கூட வைக்க மாட்டேன்மா."

அப்போதுதான் அவர் கண் கடைசித் தட்டுக்குப் போனது. அட்டைப் பெட்டியின் மேல் ஒரு படம். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, இரண்டுக்கும் நடுவில் நான்கு கால்கள். பீரோவின் முகம் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல மலர்ந்தது.

"அது அலமாரி."

"அது ரெட்டை இறக்கை விமானங்கய்யா."

"ரெண்டு தட்டு, நாலு கால். படுக்கப் போட்ட அலமாரிம்மா அது. இந்த மாதிரி பத்தாயிரம் எறக்கியிருக்கேன். இதுலயே காட்டு."

கடைக்காரப் பெண் பெருமூச்சு விட்டாள். இரட்டை இறக்கைக்காரர்கள் எல்லாருமே அவளிடம் அடம்பிடிக்கிறவர்கள்தான். எழுந்துபோய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் வரிசையாக வைத்தாள்.

பீரோ படத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூலையைப் பார்த்தார், ஒட்டின டேப்பை நகத்தால் கீறிப் பார்த்தார், காதோரம் வைத்துக் குலுக்கினார். முதல் பெட்டி சலசலவென்றது.

"உள்ள எல்லாம் ஓடுது. கட்டினவன் வீட்டுக்குப் போற அவசரத்துல கட்டியிருக்கான்."

"அது பழைய சண்டை விமானத்தோட அச்சு அசலுங்க. முந்நூறு குச்சி, இறக்கைக்கு நடுவுல கம்பியெல்லாம் இழுத்துக் கட்டணும். நாலஞ்சு கட்டினவங்களே ஒரு வருஷம் எடுத்துப்பாங்க. உங்களுக்கு வேண்டாம்."

"அதையேதான் நானும் சொல்றேன். அடுத்தது."

இரண்டாவது பெட்டி கனம். எண்ணெய் ஊற்றி ஓட்டும் எஞ்சின் அதற்கு. பீரோ மோந்து பார்த்து, எண்ணெய்ச் சாமானையும் துணிச் சாமானையும் தான் என்றைக்கும் ஒன்றாக ஏற்றியதில்லை என்று அறிவித்து, ஓரமாகத் தள்ளினார்.

மூன்றாவது சின்னப் பெட்டி. குலுக்கினார். சத்தமே இல்லை. மூலைகளில் தனி அட்டை மடிப்பு. பீரோ அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டுவிட்டார்.

பெட்டி தொப்பென்று தரையில் விழுந்தது. கடைக்காரப் பெண்ணின் மூக்குக்கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு வந்து சேர்ந்தது.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"பயப்படாத. விழுந்ததில்ல, நானா வெச்சது." குனிந்து எடுத்து மறுபடி குலுக்கினார். சத்தமில்லை. "இதைக் கட்டினவன் என் ஜாதி. இது போதும்."

கடைக்காரப் பெண் நெஞ்சில் கைவைத்தபடி சொன்னாள். "உண்மையைச் சொல்லணும்னா, நானும் இதைத்தான் குடுத்திருப்பேன். குச்சியெல்லாம் மிஷின்ல வெட்டினது, ஒண்ணோட ஒண்ணு தப்பாச் சேராது. தடிச்ச இறக்கை, மெதுவாப் பறக்கும். தரையில ஊணற கால் அகலம், சாயாது. பேட்டரியில ஓடும், மொத்தம் ஒரு கிலோகூட வராது. இன்னொண்ணுங்கய்யா. மொத விமானம் வாங்கும்போது, எது நல்லாப் பறக்கும்னு பாக்கக் கூடாது. விழுந்தா எதைச் சுலபமா ஒட்டலாம்னு பாக்கணும். இதுக்கு உதிரி எல்லாம் தனித்தனியாக் கிடைக்கும். முன்விசிறி ரெண்டு சேத்து எடுத்துக்கங்க, அதுதான் மொதல்ல போகும்."

"ஒண்ணு போதும்."

"எல்லாரும் ரெண்டு வாங்குவாங்க."

"எல்லாரும் கீழ போடுவாங்க."

அவள் இன்னொரு விசிறியை ஒன்றும் சொல்லாமல் பைக்குள் போட்டாள். பீரோ ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து மேஜை மேல் வைத்தார். இப்படி மூன்று தடவை நடந்தது.

"படிச்சுப் பாத்துச் செய்யற புத்தகம் உள்ள இருக்கு" என்றாள் கடைசியாக.

"படம் இருக்கா?"

"படம்தான் பூரா."

"அப்பச் சரி. எழுதினது அவ்வளவு சீக்கிரம் என்கிட்ட ஓடாது."

பறக்கவிடப் பழகுவதற்கும் அவளே வழி சொன்னாள். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, ரிமோட்டை அதில் மாட்டினால் திரையில் விமானம் பறக்கும். மூன்று வாரம் காலை காலை வந்து பீரோ அதன் முன்னால் உட்கார்ந்தார். திரைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு விமானங்கள் நொறுங்கின. அவற்றை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு உள்ளே உடைந்தால் அது கண்ணாடி செய்தவன் பொறுப்பு.

*

வீட்டில் சாப்பாட்டு மேஜை விமானத்துக்குப் போயிற்று. மனைவி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

பெட்டியைத் திறந்ததும் பீரோ ஒரு குச்சியைக்கூட ஒட்டவில்லை. முதலில் சீட்டு எழுதி ஒட்டினார். வீடு மாற்றும்போது ஒவ்வொரு சாமானிலும் அது புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சீட்டு ஒட்டுவது அவர் வழக்கம். நாற்பத்தொரு வருடத்தில் ஒருத்தர் அடுப்பும் படுக்கையறைக்குப் போனதில்லை. அதே மாதிரி மேல் இறக்கைக் குச்சிகளுக்கெல்லாம் மாடி என்று எழுதினார், கீழ் இறக்கைக்குக் கீழ்த்தளம், நடுவில் நிற்கும் கால்களுக்குத் தூண். மோட்டார் இருக்கிற இடம் சமையலறை, பேட்டரி அடுப்பு. வாலில் நேராக நின்று இடமும் வலமும் திரும்புகிற மடல் ஜன்னல் ஆனது. வாலில் படுத்த வாக்கில் இருந்து மேலும் கீழும் ஆடி விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற மடலுக்குப் பின்கதவு.

சம்பந்தி பார்க்க வந்தார். "சம்பந்தி, வால் மடல் சரியா ஆடுதான்னு பாத்தீங்களா?"

"எது, ஜன்னலா பின்கதவா?"

பல் டாக்டர் மேஜையருகில் குனிந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு?"

"சிரிங்க. பதினாறு தடவை விழுந்தவர்தானே நீங்க?"

ஆனால் வேலை சுத்தம். அதைச் சம்பந்தியே ஒப்புக்கொண்டார். ஒட்டின இடம் தெரியவில்லை. கால்கள் நான்கும் ஒரே உயரம். இறக்கை இரண்டும் கண்ணாடிக் கதவு மாதிரி ஒன்றுக்கு ஒன்று நேர். மஞ்சள் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போர்த்தியிருந்தார். தராசில் வைத்தார்கள். எண்ணூற்று எண்பது கிராம்.

"இதை நான் தூக்கலாம்" என்றார் பீரோ, ஒரு கையால் தூக்கி. மாதக்கணக்கில் அவர் எதையும் தூக்கவில்லை. அதை மறுபடி மேஜையில் வைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. 

*

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே ஒரு புல் மைதானம். வரி எழுதிய லாரி நேரில் நின்று பார்க்க வேண்டும் என்பது பீரோவின் பிடிவாதம். அன்றைக்கு லாரியில் ஒரு வீட்டுச் சாமான் பூராவும் இருந்தது. புது வீட்டின் சாவி பத்து மணிக்குத்தான் வரும்.

"லோடு இருக்கு மாமா. வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

"லோடு ஏத்தச் சொல்லிக் குடுத்தது யாரு? எந்தச் சாமான் எங்க இருக்கணும்னு நேத்து நான்தானே நின்னு சொன்னேன்? அலுங்காது."

ஆக லாரி வந்தது. முன் இருக்கையில் சாமான்களுக்குச் சொந்தக்காரம்மா, மடியில் கைப்பையோடு. பின்னால் சாமான் தூக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். பீரோ மாத்திரம் இடுப்பில் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மணிக்கட்டில் வளையல் மாதிரி டேப் உருளையை மாட்டிக்கொண்டு நின்றார்.

சம்பந்தி எல்லாவற்றையும் சரிபார்த்தார். விசிறி சுற்றியது, ஜன்னல் திரும்பியது, பின்கதவு ஏறி இறங்கியது. "ரொம்ப நல்லா இருக்கு. நான் கையால விட்டெறிவேன். நீங்க முழு வேகம் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கப் புல்லைக் கிள்ளிக்கொண்டு போனார்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. புல் மேல் நின்ற விமானத்தின் பின்கதவு காற்றில் லேசாகப் படபடத்தது. லாரி கிளம்புவதற்கு முன்னால் ஆடுகிறது எதுவாக இருந்தாலும் ஒட்டிவிட வேண்டும் என்பது பீரோவின் கை கற்ற பாடம். அலமாரியின் கதவு, மேஜையின் இழுப்பறை, பெட்டியின் மூடி எதுவும் தப்பாது. அதிலும் பின்கதவைப் பூட்டாமல் யாராவது வீட்டைக் காலி செய்வார்களா? புத்தி காற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தானாகப் போய், டேப்பை இழுத்து, பல்லால் அறுத்து, பின்கதவை இறுக்க ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தது. பீரோவுக்கே தெரியாது.

சம்பந்தி வந்து வயிற்றுப் பக்கமாகப் பிடித்துத் தூக்கினார். வால் அவருக்குப் பின்னால் இருந்தது. நாலடி ஓடி விட்டெறிந்தார்.

மஞ்சள் அலமாரி வானத்தில் ஏறியது. பீரோ வாயைத் திறந்தபடி பார்த்தார். திரையில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அது நிஜமாகப் போனது, அவர் விரல் சொன்னபடி இடது பக்கம் சாய்ந்தது, வட்டம் போட்டது, லாரிக்கு மேலே மெதுவாக வந்து போனது.

"முதலாளி, அலமாரி பறக்குது" என்றான் தம்பி.

"எத்தனை நிமிஷம் பறக்கணும்னு பந்தயம்?" என்றார் பீரோ.

"எறக்கினாத்தான் பந்தயம்" என்றார் மாப்பிள்ளை.

மூக்கை இறக்கப் பார்த்தார் பீரோ. இறங்கவில்லை. ஏற்றப் பார்த்தார். அதுவும் இல்லை.

"சம்பந்தி, பின்கதவு தெறக்க மாட்டேங்குது."

"என்ன?"

"பின்கதவு."

விமானம் தலைக்கு மேலே வந்தபோது வாலில் ஏதோ பளபளத்தது. சம்பந்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பீரோவின் மணிக்கட்டைப் பார்த்தார். உருளையில் டேப்பின் நுனி பல் பட்ட அடையாளத்தோடு ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒட்டினீங்களா?"

பீரோ கையைப் பார்த்தார். "நான் ஒட்டல. கை ஒட்டியிருக்கு."

பல் டாக்டர் பதறாத மனிதர். மெதுவாகச் சொன்னார். "பரவாயில்ல. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க, தானே எறங்கும். ஆனா கடைசியில மூக்கைத் தூக்க முடியாது. மூக்கு தரையில குத்தும். விசிறி போகும், முன்பக்கம் கொஞ்சம் நசுங்கும். அவ்வளவுதான். எங்கிட்டப் பசை இருக்கு."

"நசுங்கினா அது கீறலா?"

"மாமா, நசுங்கினா நசுங்கல்" என்றார் மாப்பிள்ளை.

"பேட்டரி இன்னும் மூணு நிமிஷம் வரும்" என்றார் சம்பந்தி.

பீரோ வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். நாற்பத்தொரு வருடமும் முதுகில் வந்து உட்கார்ந்தது.

"டேய், அந்த ரெட்டைக் கட்டில் மெத்தையை எடுங்கடா."

அண்ணன் லாரியில் ஏறி நின்றான். "முதலாளி, மெத்தைக்குப் பின்னாடி நாய் இருக்கு."

முழங்கால் உயரப் பீங்கான் நாய் அது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக இருக்கும். மெத்தையை அதற்குச் சுவராக வைக்கச் சொன்னதே பீரோதான். உடைகிற சாமானுக்கு மெத்தையைவிட நல்ல காவல் கிடையாது.

"நாய் எங்கயும் ஓடாது. எடு."

மெத்தை இறங்கியது. அதற்கு நான்கு மூலை. அண்ணனும் தம்பியும் இரண்டு மூலையைப் பிடித்தார்கள். மீதி இரண்டைப் பீரோ கண்ணாலேயே மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் கொடுத்தார்.

"மாமா, நான் உங்களுக்கு எதிர்ப் பக்கம்."

"மூலை காலியா இருக்கு. பிடிங்க மாப்பிள்ளை."

அதற்குப் பிறகு அவர் படிக்கட்டில் நின்று பீரோ இறக்குகிற பழைய பீரோவாகிவிட்டார். விரல் ரிமோட்டில், கண் வானத்தில், குரல் மெத்தைக்காரர்களிடம்.

"வா வா வா. இடப் பக்கம். டாக்டர், உங்க மூலை தாழுது, தூக்குங்க. முட்டியை மடக்குங்க மாப்பிள்ளை, முதுகை வளைக்காதீங்க. வருது. பின்னாடி போ. இன்னும் பின்னாடி. வளைவு வருது, பாத்து."

"எங்க வளைவு? இது மைதானம் முதலாளி" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டுப் பின்னாடி போ."

நான்கு பேரும் மெத்தையோடு புல்லில் பின்னோக்கி ஓடினார்கள். பல் டாக்டரின் செருப்பு ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. முன் இருக்கையில் இருந்த அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார், அது தன்னுடைய மெத்தையா என்று. விமானம் மூக்கைத் தாழ்த்தி, மெள்ள மெள்ள இறங்கி, ஓடுகிற மெத்தையை எட்டிப் பிடிக்க வந்தது.

"நில்லு. தாழ்த்து. எறக்கு, எறக்கு, மெதுவா."

பொத்தென்று ஒரு சத்தம். மஞ்சள் அலமாரி மெத்தையில் மூக்கைப் புதைத்து, ஒரு துள்ளுத் துள்ளி, அப்படியே உட்கார்ந்தது. பீரோ அதற்கு முன்பே விசிறியை நிறுத்தியிருந்தார்.

 பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, விமானத்தின் அடிப்பக்கம், இடுக்கு, மூக்கு எல்லாம் பார்த்தார். "வாயைத் திற" என்று மட்டும்தான் சொல்லவில்லை.

"சொத்தை இல்ல. ஒரு கீறல்கூட இல்ல" என்றார்.

மாப்பிள்ளை மூச்சு வாங்கியபடி கையை நீட்டினார். "வரி இருக்கட்டும் மாமா. நான் தோத்துட்டேன்."

பீரோ பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது, வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அதற்குள் அண்ணனும் தம்பியும் மெத்தையைத் திருப்பி வைக்க லாரியில் ஏறினார்கள். இரண்டு பேர் கனத்துக்கு லாரி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. சுவரில்லாமல் நின்ற நாய் மெதுவாகப் பின்பலகை வழியாக எட்டிப் பார்த்தது. பிறகு இறங்கிவிட்டது.

அந்தச் சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டது.

பீரோ திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு சத்தத்தை அவர் லாரி அதுவரை கேட்டதில்லை. முன் இருக்கையிலிருந்த அம்மா இறங்கி வந்து, நாக்குத் தனியாக, கண் தனியாகக் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

"எங்க மாமியார் ஆசையா வாங்கி வெச்சது" என்றார்.

அண்ணன் தம்பி இருவரும் மெத்தைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"இருபத்தாறு வருஷமா கூடத்துல உக்காந்து என்னையே முறைச்சுக்கிட்டு இருந்துச்சு. வீடு மாறும்போதாவது தொலையும்னு பாத்தா, உங்க லாரியில எழுதியிருந்ததைப் படிச்சேன். சரி, நம்ம தலையெழுத்துன்னு விட்டுட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒட்ட முடியாதுல்ல?"

"நான் ஒட்டித் தரேன்மா, நல்ல பசை இருக்கு" என்று முன்னால் வந்தார் பல் டாக்டர், ஒற்றைச் செருப்போடு.

"அய்யோ வேண்டாம் டாக்டர்" என்றார் அந்த அம்மா அவசரமாக.

மாப்பிள்ளை பீரோவின் பக்கத்தில் வந்து நின்றார். "மாமா, அவங்களே சந்தோஷமா இருக்காங்க. பந்தயம் விமானத்துக்குத்தான். நாயைச் சேக்க வேண்டாம். வரி அப்படியே இருக்கட்டும்."

பீரோ ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாயின் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, முழுச் சாமானைக் கட்டுவதுபோலவே கட்டி, ஆடாமல் இடைவெளிக்குத் தாளைத் திணித்து, மேலே டேப் ஒட்டினார். குலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. சீட்டில் கூடம் என்று எழுதப் போனவர் நிறுத்தி, அந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். சீட்டு வெறுமையாகவே ஒட்டப்பட்டது.

"மாப்பிள்ளை, மெத்தையை எடுக்கச் சொன்னது யாரு?"

"நீங்க."

"லோடு லாரியை இங்க வரச் சொன்னது?"

"நீங்கதான் மாமா. அதுக்காக..."

"அப்ப ஒடஞ்சுதானே இருக்கு. ஒடஞ்சதை ஒடையலன்னு எப்படி எழுதி ஓட்டறது? பின்னாடி வர்றவன் எல்லாம் படிக்கிறான்."

அன்றைக்கு வீடு திரும்பியவர் சாப்பாட்டு மேஜையை மனைவிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார். மனைவிக்குச் சங்கதி எல்லாம் மாப்பிள்ளை மூலம் தெரியும்.

"நான் அப்பவே வேண்டாம்னேன்" என்றாள்.  மேஜையைத் துடைத்துக்கொண்டே மறுபடி சொன்னாள். "நாப்பத்தொரு வருஷத்துல ஒண்ணே ஒண்ணுங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு வாரத்துக்கு நானே ரெண்டு சாமானைக் கீழ போட்டு ஒடைக்கறேன்."

பீரோ நிமிர்ந்து பார்த்தார். ஒண்ணே ஒண்ணு. அவர் அந்த வழியாக யோசித்திருக்கவில்லை.

மறுநாள் பெயின்டர் வந்தபோது பீரோ ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். பழைய வரி போயிற்று. ஃபோன் நம்பர் பெரிதாக வந்தது, மாப்பிள்ளை கேட்டபடி. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, பீரோ சொன்னபடி எழுதினார் பெயின்டர்: "நாற்பத்தொரு வருடம். உடைந்தது ஒரு நாய்." எழுதி முடித்து நாலடி பின்னால் போய்ப் படித்துப் பார்த்தார்.

"இதைப் படிச்சா யாராவது சாமான் குடுப்பாங்களாய்யா?"

"ஒண்ணும் ஒடையலன்னு எழுத எவனாலயும் முடியும். ஒடஞ்சது எத்தனைன்னு எழுத எவனுக்காவது நெஞ்சு இருக்கா?"

வாரத்துக்கு வாரம் ஃபோன் அதிகமானது. பாதிப் பேர் வீடு மாற்றுவதற்காகக் கூப்பிடவில்லை. சிக்னலில் லாரிக்குப் பின்னால் நின்று, படித்துவிட்டு, பொறுக்க முடியாமல் கேட்கிறவர்கள். மாப்பிள்ளை அந்த ஃபோன்களை எல்லாம் மாமாவுக்கே திருப்பிவிடுவார். பீரோ மஞ்சள் விமானத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து பேசுவார். விமானத்தின் வாலில் அந்த டேப் துண்டு இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஆமாங்க, நாய் ஒண்ணுதான். எப்படின்னா கேக்கறீங்க? சொல்றேன். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? பத்தொன்பது வயசுல நான் ஒரு பீரோ தூக்கினேன், அங்க இருந்து ஆரம்பிச்சாத்தான் புரியும்."